உருண்டை நடுவில் நிற்கட்டும்!

வானில் வட்டமிடும் பருந்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது ஒரு சிறகைத் தாழ்த்தி, மறு சிறகை உயர்த்திச் சாய்ந்தே திரும்புகிறது. மலைப்பாதையில் செல்லும் பேருந்தோ சாயாமல் திரும்புகிறது. அதனால்தான் வளைவுதோறும் நாம் வெளிப்பக்கமாகச் சரிந்து அடுத்தவர்மேல் விழுகிறோம். விமானம் எதைப் போலத் திரும்ப வேண்டும்? பருந்தைப் போல என்பதே விடை. அந்தச் சீரான திருப்பத்தை, கணிப்பொறித் திரையில் பறக்கும் ஒரு பழைய போர் விமானத்தின் துணையோடு இங்குக் கற்போம்.

தரையில் இருந்தபடியே பறத்தல்

தரையில் அமர்ந்து பறக்கப் பழகுவது புதிய செய்தியன்று. அமெரிக்காவின் பிங்காம்டன் நகரில், ஆர்கன் இசைக்கருவி செய்யும் குடும்பத்தில் வளர்ந்தவர் எட்வின் லிங்க். அவர் 1929-ஆம் ஆண்டில் ஒரு பயிற்சிப் பொறியை அமைத்தார். ஆர்மோனியத்துக்குக் காற்றூட்டும் துருத்தியைப் போன்ற ஆர்கன் துருத்திகளே அப்பொறியை இருபுறமும் சாய்த்தன. இன்று அந்த வேலையைக் கணிப்பொறி செய்கிறது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1943, 1944-ஆம் ஆண்டுகளில், 1,074 பெண்கள் பயிற்சி முடித்து அமெரிக்க இராணுவ விமானங்களை ஓட்டினர். பயிற்சியிலும் பணியிலுமாக 38 பெண்கள் உயிர் நீத்தனர். அவர்களுள் சிலர் ஓட்டிய பி-51 மஸ்டாங் விமானமே நம் பாடத்துக்குரியது. ஒற்றைப் புரொப்பல்லரும் 12 சிலிண்டர் எஞ்சினும் கொண்ட இவ்விமானம் 1940 அக்டோபரில் முதன்முதலாகப் பறந்தது.

கையும் காலும்

விமானியின் கையில் உள்ள கைப்பிடியைப் பக்கவாட்டில் சாய்த்தால், இறக்கைகளின் ஓரத்தில் உள்ள ஏலரான்கள் அசைந்து விமானம் சாயும். பின்னால் இழுத்தால் மூக்கு உயரும். காலடியில் உள்ள இரு பெடல்களும் வாலில் உள்ள சுக்கானை அசைக்கும்.

விமானத்தைத் திருப்புவது சுக்கான் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. விமானம் சாயும்போது இறக்கைகளின் தூக்குவிசையும் சாய்கிறது. அதில் ஒரு பகுதி விமானத்தை வளைவின் உட்புறம் இழுக்கிறது. அந்த இழுப்பே திருப்பம்.

அப்படியாயின் சுக்கான் எதற்கு? வலப்பக்கம் சாய்க்கும்போது இடது இறக்கையின் ஏலரான் கீழிறங்குகிறது. அங்குத் தூக்குவிசை கூடுகிறது. காற்றின் தடையும் கூடுகிறது. தடைப்பட்ட இடது இறக்கை பின்தங்குவதால், வலப்பக்கம் திரும்ப வேண்டிய மூக்கு முதலில் இடப்பக்கம் விலகுகிறது. ரைட் சகோதரர்களும் 1902-ஆம் ஆண்டில் தங்கள் கிளைடரில் இத்தொல்லையைக் கண்டனர். அசையும் சுக்கான் அமைத்தே அதைத் தீர்த்தனர். கை சாயும் பக்கமே காலும் அழுத்த வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

ரசமட்டத்தின் உறவினர்

கொத்தனாரின் ரசமட்டத்தில் குமிழி நடுவில் நின்றால் தளம் மட்டமாக உள்ளது என்று அறிகிறோம். விமானத்தில் குமிழிக்குப் பதிலாக, வளைந்த கண்ணாடிக் குழாயில் திரவத்தின் நடுவே ஒரு சிறு உருண்டை இருக்கும். அது நடுவில் நின்றால் திருப்பம் சீரானது. வளைவின் உட்புறம் ஓடினால் விமானம் உள்நோக்கி வழுக்குகிறது. வெளிப்புறம் ஓடினால், பேருந்துப் பயணியைப் போல வெளிநோக்கிச் சறுக்குகிறது. உருண்டை எப்பக்கம் ஓடுகிறதோ அப்பக்கப் பெடலை அழுத்துக. இதுவே நினைவில் நிறுத்த வேண்டிய விதி.

உண்மையான விமானத்தில் சறுக்கலை உடல் ஓரளவு உணரும். வீட்டு நாற்காலியோ அசைவதில்லை. எனவே திரையின்முன் இருப்பவருக்கு உருண்டையே துணை.

பயிற்சி

1. கணிப்பொறி தானாகவே சுக்கானை இயக்கும் வசதி இருந்தால் அதை நிறுத்துக.

2. 5,000 அடி உயரத்தில், மணிக்கு 220 மைல் வேகத்தில் நேராகப் பறந்து, உருண்டையை நடுவில் நிறுத்துக.

3. முதலில் சுற்றிலும் பார்த்து, வழியில் வேறு விமானம் இல்லை என உறுதி செய்க.

4. கைப்பிடியையும் வலப் பெடலையும் ஒரே வேளையில் மெல்ல அழுத்தி 30 பாகை சாய்க்க.

5. சாய்வு வந்ததும் கைப்பிடியை நடுவுக்குக் கொணர்க. பெடலின் அழுத்தத்தையும் தளர்த்துக. உயரம் குறையாதிருக்கக் கைப்பிடியைச் சிறிது பின்னால் இழுத்திருக்க. முழு வட்டத்துக்கு ஏறக்குறைய 2 நிமிடம் ஆகும்.

6. வேண்டிய திசைக்கு 15 பாகை முன்பே, இடப்பக்கமாகக் கையும் காலும் சேர்த்து நிமிர்க்க.

வேகம் குறைந்து எஞ்சின் விசை மிகும்போது, புரொப்பல்லரின் விளைவால் மஸ்டாங்கின் மூக்கு இடப்பக்கம் இழுக்கும். அப்போது வலப் பெடல் கூடுதலாகத் தேவைப்படும். இடப்பக்கத் திருப்பத்திலும் இதை மறத்தலாகாது.

ஏன் இத்தனை கவனம்?

மட்டமான திருப்பத்தில் 60 பாகை சாய்ந்தால் இறக்கைகள் விமானத்தின் எடையைப் போல் 2 மடங்கு தாங்க வேண்டும். நேராகப் பறக்கையில் 100 மைல் வேகத்துக்குக் கீழே தூக்குவிசை குலையும் விமானத்துக்கு, இச்சாய்வில் 141 மைலிலேயே அது குலைந்துவிடும். அவ்வேளையில் விமானம் வெளிநோக்கிச் சறுக்கிக் கொண்டிருந்தால், உட்புற இறக்கை முதலில் தாழ்ந்து விமானம் சுழன்று வீழும். தரையிறங்குமுன் ஓடுபாதையை நோக்கித் திரும்பும்போது இது நேர்ந்தால், மீள்வதற்கு உயரம் இராது. திரையில் விழுந்த விமானத்தை ஒரு பொத்தானை அழுத்தி மீட்கலாம். அந்த 1,074 பெண்களுக்கு அவ்வசதி இருக்கவில்லை.

மாணவியரே, வலப்பக்கம் பத்து, இடப்பக்கம் பத்து எனத் திருப்பிப் பழகுங்கள். அவசரம் வேண்டா. கையும் காலும் கண்ணும் ஒன்றுக்கொன்று இசைந்தால் உருண்டை தானே நடுவில் நிற்கும்.