சம்பளம் வாங்காதவர்களை வழிநடத்துவது எப்படி?



கம்பெனியில் முதலாளி சொன்னால் வேலை நடக்கும். மாதக் கடைசியில் சம்பளம் வருதே! ஆனால் சம்பளமே வாங்காத தொண்டர்களை ஒரு கம்பெனி எப்படி வழிநடத்தும்? இந்தப் பாடத்துக்கு நான் எடுத்துக்கொண்டது உபுண்டு இயங்குதளத்தின் கதை. என் மடிக்கணினியில் ஓடுவதும் இதுதான்.

தென்னாப்பிரிக்கரான மார்க் ஷட்டில்வொர்த், தம் முதல் நிறுவனத்தை 1999-இல் விற்றுப் பெரும் செல்வந்தர் ஆனவர். 2004-இல் கனோனிக்கல் நிறுவனத்தைத் தொடங்கி, அதே ஆண்டு அக்டோபரில் உபுண்டுவை வெளியிட்டார். 1993 முதல் தொண்டர்கள் வளர்த்து வந்த டெபியன்தான் அதன் அடித்தளம். மென்பொருள் இலவசம், கேட்டவர்களுக்குக் குறுந்தட்டையும் இலவசமாகவே தபாலில் அனுப்பினார்கள். அப்போ வருமானம்? நிறுவனங்களுக்குச் செய்து தரும் பராமரிப்புச் சேவையில்தான்.

தலைவருக்கும் கடிவாளம் உண்டு

ஷட்டில்வொர்த்துக்கு ஒரு வேடிக்கைப் பட்டம் உண்டு: 'தன்னைத்தானே நியமித்துக்கொண்ட ஆயுட்கால அன்புச் சர்வாதிகாரி'. கடைசி முடிவு அவருடையது என்று பொருள். ஆனால் மூல நிரல் எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது. பிடிக்கலன்னா, யாரும் அதை எடுத்துக்கொண்டு தனியாகப் போகலாம். அதனால் இங்கே அதிகாரம் மட்டும் போதாது, நம்பிக்கை வேண்டும்.

2012-இல் அந்த நம்பிக்கைக்குச் சோதனை வந்தது. கணினிக்குள் ஒரு கோப்பைத் தேடினாலும் அமேசான் கடைப் பொருள்கள் வந்து நின்றன. "என் கணினியில நான் தேடுறது ஏன் வெளியே போகணும்?" என்று பயனர்கள் கொதித்தார்கள். 2016-இல் வந்த 16.04 பதிப்பில்தான் அந்த வசதி, பயனர் தாமே கேட்டால் ஒழிய இயங்காதபடி மாற்றப்பட்டது. நான்கு ஆண்டுகள்! நம்பிக்கையை இழப்பது ஒரு நாள் வேலை. மீட்பது அப்படி இல்லை.

போகும்போதும் ஒழுங்கு

2017-இல் கனோனிக்கல் தன் கைப்பேசித் திட்டத்தைக் கைவிட்டது. ஆனால் திட்டம் சாகவில்லை. யூபிபோர்ட்ஸ் என்ற தொண்டர் குழு அதை எடுத்து நடத்தியது. கம்பெனி விலகினாலும், நிரல் திறந்திருந்ததால் வேலை தொடர்ந்தது.

உபுண்டுவின் நடத்தை விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: விலகுகிறவர் சொல்லிவிட்டுப் போகணும், விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் தொடர வழி செய்யணும். ஷட்டில்வொர்த்தும் 2010-இல் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பை ஜேன் சில்பரிடம் ஒப்படைத்தார். முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் செய்தார். 2017-இல் மீண்டும் அந்தப் பொறுப்புக்கு வந்தார்.

தொண்டர்களைக் கட்டிப்போட முடியாது. தங்களுக்கு மதிப்பு இருக்கும் இடத்தில் அவர்களே நிற்பார்கள்.

கலந்துரையாடுவோம்

1. உங்கள் கிளையில் ஒரு முடிவு எடுக்குமுன் யாரிடம் கேட்கிறீர்கள்?
2. எதிர்ப்பு வந்தால் எவ்வளவு நாளில் பதில் சொல்வீர்கள்?
3. நாளைக்கே நீங்கள் விலகினால், உங்கள் கோப்புகளும் சாவிகளும் யாரிடம் இருக்கும்?