எஞ்சினை வாங்கலாம், சேஸிஸை நீங்கள்தான் கட்ட வேண்டும்
(ஃபார்முலா கார் செய்யக் கிளம்பியிருக்கும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு)

வேப்பனப்பள்ளி, சூளகிரிப் பக்கத்துப் பிள்ளைகள் இன்ஜினியரிங் சேர்ந்ததுமே காலேஜின் ஃபார்முலா டீமிலும் பெயர் கொடுத்துவிடுகிறார்கள். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்குப் போக வேண்டும் என்பது ஆசை. ஓசூர் சிப்காட்டில் ஃப்ரேம் வெல்டிங்கிலும் ஜிக் வேலையிலும் பிழைப்பை ஓட்டியவன் நான் என்பதால், லீவுக்கு ஊர் வந்தால் தேடி வருகிறார்கள். "எத்தனை சிசி போடலாம் பெரியப்பா?" என்பதுதான் எல்லோருக்கும் முதல் கேள்வி. கண்ணுங்களா, அந்தக் கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. ரூல் புக்கை முதலில் படியுங்கள். பெட்ரோல் வண்டிக்கு 710 சிசி வரை அனுமதி உண்டு. ஆனால் எஞ்சினுக்குப் போகும் காற்று முழுவதும் 20 மி.மீ. விட்டமுள்ள ஒரே துளை வழியாகத்தான் போக வேண்டும். துளையில் காற்றின் வேகம் ஒலியின் வேகத்தைத் தொட்டுவிட்டால், நீங்கள் எவ்வளவு உறிஞ்சினாலும் கூடுதலாக ஒரு கிராம் காற்றும் வராது. அறுநூறு சிசி நாலு சிலிண்டர் எஞ்சினின் கழுத்தை அந்தத் துளை நெரிக்கும். நானூறுக்கு உட்பட்ட ஒற்றை சிலிண்டருக்கு அவ்வளவு நஷ்டம் இல்லை; எடையும் மிச்சம்.

2. பாதையைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். காற்றை எதிர்க்கத் தேவைப்படும் பவர், வேகம் இரட்டிப்பானால் எட்டு மடங்காகும். அதனால்தான் நீண்ட நேர்கோடுகள் உள்ள மோன்ஸாவில் குதிரைத்திறன் பேசுகிறது. சந்துபொந்தாக வளையும் மொனாக்கோவில் அதன் குரல் அடங்கிவிடுகிறது. உங்கள் போட்டியின் ஸ்கிட்பேடு அதைவிடச் சின்னது: உள்வட்டத்தின் விட்டம் 15.25 மீட்டர். டயர் 1.2 ஜி வரை பிடித்தால் அங்கே மணிக்கு 37 கி.மீ.தான் போக முடியும். நாற்பது குதிரை இருந்தாலும் எண்பது இருந்தாலும் அதே 37. 75 மீட்டர் ஆக்ஸிலரேஷனில் எஞ்சினுக்கு மரியாதை உண்டு. அங்கேயும் கிளம்பும்போது சக்கரம் வழுக்கினால் பவர் புகையாகப் போகும்.

3. ஒரே எஞ்சின் இரண்டு விதி எழுதியதைப் பாருங்கள். 2011 முதல் 2013 வரை ஃபார்முலா ஒன்னில் ரெட் புல்லும், பின்னால் கேட்டர்ஹாம் என்று பெயர் மாறிய டீம் லோட்டஸும் ஓட்டியது ரெனோ எஞ்சினைத்தான். ரெட் புல் மூன்று வருஷமும் உலக சாம்பியன். மற்றது ஒரு பாயின்ட்கூட எடுக்கவில்லை. ரெட் புல்லின் வடிவமைப்பாளர் ஏட்ரியன் நியூவியின் காற்றியக்க வேலை கார்னரில் வண்டியைத் தரையோடு அழுத்திப் பிடித்தது. மறுபக்கமும் உண்டு. 2014இல் ஹைப்ரிட் எஞ்சின் வந்தபோது மெர்சிடிஸ் மற்றவர்களைத் தூர விட்டுப் போனது. அடுத்த வருஷம் ஹோண்டா எஞ்சின் சொதப்பியதில் மெக்லாரன் ஒன்பதாவது இடத்துக்கு இறங்கியது. எஞ்சின் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எழுதிக்கொள்ள வேண்டாம்.

4. நம் ஊர்ப் பாடத்தையும் படியுங்கள். கோவை கரிவர்தன், மாருதி 800இன் 796 சிசி எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி காரை உருவாக்கினார். அந்தக் கார்களில் ஓட்டிப் பழகிய நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணியில் ஃபார்முலா ஒன் போனார். எல்லோருக்கும் ஒரே சின்ன எஞ்சின் என்றால், செட்டப்பும் ஓட்டுகிறவரின் கையும்தான் ஜெயிக்கும்.

5. டயரில் தொடங்கி உள்ளே வாருங்கள். டயர், அப்புறம் சஸ்பென்ஷன் பாயின்ட்கள், அப்புறம் அவற்றைப் பிடிக்கும் பைப்புகள். முதலில் அழகாக ஃப்ரேம் வரைந்துவிட்டு, "விஷ்போனை எங்கே மாட்டுவது?" என்று கேட்டால் பைப்பின் நடுவில்தான் மாட்ட நேரும். பைப் நடுவில் வளையும், பைப்புகள் சேரும் முடிச்சில் வளையாது.

6. எடையைக் குறைப்பது எஞ்சின் வாங்குவதற்குச் சமம். ஓட்டுநரோடு 300 கிலோ, எஞ்சின் 40 குதிரை என்று வையுங்கள். 30 கிலோ குறைத்தால், பழைய எடையில் 44 குதிரை கட்டியதற்குச் சமம். கூடவே பிரேக்கும் கார்னரும் இலவசமாக மேம்படும். கூடுதல் குதிரை அதைத் தராது. ஆனால் பாதுகாப்புப் பைப்பில் கை வைக்காதீர்கள். மெயின் ஹூப்புக்கு விதி சொல்லும் கனம் உங்கள் உயிருக்கானது.

7. முறுக்கிப் பாருங்கள். பின் ஹப் இரண்டையும் அசையாமல் பிடித்துவிட்டு, முன்பக்கம் நடுவில் தாங்கல் கொடுத்து, அந்த நடுவிலிருந்து ஒரு மீட்டர் நீளும்படி ஒரு கம்பியைக் குறுக்கே கட்டி அதன் முனையில் 20 கிலோ தொங்கவிடுங்கள். ஏறக்குறைய 196 நியூட்டன் மீட்டர் முறுக்கு. டயல் கேஜ் கணக்கில் 0.2 டிகிரி திரும்பினால், டிகிரிக்கு 980. சேஸிஸ் துவண்டால், மூட்டு தளர்ந்து ஆடுகிற கட்டிலின் ஒரு காலுக்கு மட்டும் அட்டை வைத்த கதைதான்: ஸ்பிரிங்கை எவ்வளவு மாற்றினாலும் வண்டிக்கு உறைக்காது. குறுக்கே ஒரு பைப் போட்டு முக்கோணமாக்குங்கள். மறுபடி அளந்து பாருங்கள்.

8. வெல்டிங்கில் அவசரம் வேண்டாம். ஜிக்கில் எல்லா மூட்டுக்கும் டேக் போட்ட பிறகே ஆர்கான் முழுசாக ஓட்டுங்கள். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று மாறி மாறி. ஒரே பக்கம் ஓட்டினால் சூடு ஃப்ரேமை இழுத்துவிடும்.

9. சமதளம் இல்லாமல் அளக்காதீர்கள். அதற்கு நம் ஊரில் பஞ்சமா? கிரானைட் பாலிஷ் போடும் இடத்தில் உடைசல் பலகை நாலு கேளுங்கள். நாலு சக்கரத்துக்கும் கீழே வைத்து, கொத்தனாரின் தண்ணீர் டியூபால் மட்டம் பாருங்கள். வண்டியின் இரு பக்கமும் சமதூரத்தில் நூல் கட்டி, ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் ஸ்கேல் வைத்தால் டோ, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பது, தெரிந்துவிடும்.

10. பைக் எஞ்சின் பைக்குக்காகப் பிறந்தது என்பதை மறக்காதீர்கள். ஓசூரில் அது கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும். ஆனால் பைக் கார்னரில் சாயும். எண்ணெயும் சம்ப்பின் அடியிலேயே நிற்கும். கார் சாயாது, எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றைக் குடிக்கும். பேரிங் போய்விடும். சம்ப்புக்குள் தடுப்புத் தகடு வையுங்கள். சேஸிஸ் நன்றாகப் பிடிக்கப் பிடிக்க இந்த ஆபத்து கூடும். எஞ்சினையும் சேஸிஸையும் தனித்தனி டீமாகப் பிரித்துவிட்டு, ஒருவரோடொருவர் பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

11. சீக்கிரம் முடித்து ஓட்டுங்கள். எண்டியூரன்ஸ் 22 கி.மீ.; நடுவில் ஓட்டுநர் மாற வேண்டும். சூடான எஞ்சின் அதன் பிறகு மறுபடி ஸ்டார்ட் ஆக வேண்டும். பாதியில் நின்ற வண்டியின் குதிரைத்திறனை யாரும் கேட்பதில்லை. போட்டிக்கு இரண்டு மாசம் முன்பே வண்டி தரையில் உருளட்டும். அதற்கு நாள் போதாது என்றால், எஞ்சினைச் சின்னதாக எடுங்கள். டெஸ்டிங் நாளை மட்டும் குறைக்காதீர்கள்.