ஏழு கட்டத்துக்குள் ஒரு விஞ்ஞானி

காலை பாசஞ்சரில் விழுப்புரத்தில் ஏறி, திண்டிவனம் வருவதற்குள் குறுக்கெழுத்தை முடித்துவிடும் சூரர்கள் நம்மில் உண்டு. அவர்களுக்காக நான் கட்டிய குறிப்பு இது. இடமிருந்து வலம், 7 கட்டம்: “சித்தப்பாவுக்கும் நோபல், இவருக்கும் நோபல், பெயர் மட்டும் தாத்தாவுடையது.”

முதலில் கட்டக் கணக்கு. புள்ளி எழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு. துணைக்கால், கொம்பு போட்டாலும் ஒரே கட்டம்தான். நோபல் என்றதும் ராமன் என்று எழுதினால் 3, கட்டம் மிஞ்சும். வெங்கட்ராமன் என்று நீட்டினால் கச்சிதமாக 7! இங்கேதான் நிறையப் பேர் பேனாவை மூடிவிடுகிறார்கள். சிதம்பரத்தில் பிறந்து 2009-ல் வேதியியல் நோபல் பெற்ற வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனும் வந்து நிற்பார். ராமகிருஷ்ணனும் 7 கட்டம்தான். அது அவருடைய அப்பா பெயர்.

எண்ணிக்கையை விட்டு உறவைப் பிடியுங்கள். சர் சி.வி.ராமனுக்கு 1930-ல் நோபல். அவர் அண்ணன் சி.எஸ்.ஐயர். இருவருக்கும் முன்னால் நிற்கும் ‘சி’, அப்பா சந்திரசேகர ஐயர். அண்ணன் தன் மூத்த மகனுக்கு அந்தப் பெயரையே வைத்தார். 1983-ல் நோபல் வாங்கியவர் அந்த மகன்தான். ச-ந்-தி-ர-சே-க-ர், ஏழு!

நம்ம பக்கம் இது புதுசா என்ன? எனக்கும் தாத்தா பேருதான். தாத்தா கைநாட்டு, அந்தப் பேரை அவர் எழுதியதே இல்லை. இப்போது டிப்ளமோ ஹால் டிக்கெட்டில் அது அச்சாகி வருகிறது. அம்மா அதைச் சாமி படத்துகிட்ட வெச்சு எடுத்துத்தான் கையில் தரும்.

சந்தேகம் தீர, குறுக்கே ஓடும் சொற்களைப் பாருங்கள். 3-வது கட்டத்திலிருந்து கீழே, “பெயரில் புளியங்காடு உள்ள ஊர் (6)”. நம்ம திண்டிவனம்தான், திந்திரிணி என்றால் புளி. 5-வதிலிருந்து கீழே, “மாம்பழ ஊர் (3)”: சேலம். வெங்கட்ராமனின் ‘க’வும் ராமகிருஷ்ணனின் ‘கி’யும் 3-வது கட்டத்திலேயே அடிபட்டுப் போகும்.

1930-ல் கப்பலேறி இங்கிலாந்து போனபோது சந்திரசேகருக்கு வயது 19. நம்மைவிட ஒரு வயசுதான் கூட! வெள்ளைக் குள்ள நட்சத்திரத்தின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்று அந்தப் பயணத்திலேயே கணக்குப் போட்டார். சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு. 1935-ல் லண்டனில் எடிங்டன் என்ற பெரியவர் சபை நடுவிலேயே அதைக் கேலி செய்தார். கணக்கு நின்றது.

அடுத்தது உங்களுக்கு. வலமிருந்து இடம், 5 கட்டம்: “1928-ல் ராமன் விளைவு கண்டபோது கூட உழைத்த வத்திராயிருப்புக்காரர்.” இடது ஓரத்தில் ‘ன்’ விழுந்தால் தப்பு என்று அடித்துவிடாதீர்கள்.