காலாண்டு லீவுக்கு ராமேஸ்வரம்: எந்தக் கடலில் இறங்கலாம்?

கேள்வி: காலாண்டு விடுமுறைக்கு ராமேஸ்வரம், தனுஷ்கோடி போகிறோம். பிள்ளைகளுக்குப் பன்னிரண்டும் ஒன்பதும் வயது. அபார்ட்மென்ட் நீச்சல் குளத்தில் நன்றாகவே நீந்துவார்கள். கடலில் நீந்தியே தீருவோம் என்று அடம்பிடிக்கிறார்கள். விடலாமா சார்?
– வாசகி, பெரும்பாக்கம்

பதில்: விடலாம் அம்மா, ஆனால் வடகடலில் மட்டும். பாம்பன் தீவுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. செப்டம்பர் கடைசியிலும் தென்மேற்குக் காற்று முழுதாக ஓய்ந்திருக்காது. அது நேரே தென்கடல் கரையில் மோதும். அதே காற்று வடகரைக்குத் தரையிலிருந்து வருவதால் அலை எழும்பாது. பாக் நீரிணை ஆழம் குறைந்ததும்கூட. தென்கடலிலோ காற்றே இல்லாத நாளிலும் கள்ளக்கடல் வரும்; எங்கோ தொலைவில் அடித்த புயலின் அலை இங்கே வந்து கரையேறும். இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையத்தின் எச்சரிக்கை செய்திகளில் வரும், கிளம்பும் முன் பாருங்கள்.

அரிச்சல்முனையில் கணுக்கால் நனைப்பதோடு சரி. இரண்டு கடலும் சேரும் இடம். நீரோட்டம் இழுக்கும், காலடி மணலும் நகரும். ‘அந்தப் பக்கம் அமைதியாகத்தானே இருக்கிறது’ என்று பிள்ளைகள் கேட்பார்கள். மசிந்துவிடாதீர்கள்.

அக்னி தீர்த்தத்தில் அலை இருக்காது. ஆனால் அது முழுக்குப் போடும் இடம், நீந்த ஏற்றதல்ல. புரட்டாசியில் மகாளய அமாவாசையை ஒட்டிக் கூட்டம் நெரியும். விட்டுப்போன வேட்டி சேலைகள் தண்ணீருக்குள் காலைச் சுற்றும். பாம்பன் பாலத்துக்கு முன்பே, சவுக்குத் தோப்பை ஒட்டிய அரியமான் கடற்கரைக்குக் கூட்டிப் போங்கள். காலை வெயில் ஏறும் முன் இறங்கலாம். இடுப்பளவு தண்ணீர் போதும். கரைக்கு இணையாக நீந்தட்டும், நேராக உள்ளே போக வேண்டாம். நீங்களோ அவர்கள் அப்பாவோ அவர்களுக்கும் கடலுக்கும் நடுவில் நில்லுங்கள். கரையில் உட்கார்ந்து பார்த்தால் போதாது.

குளத்தில் பழகியவர்களுக்குக் கடலில் முதலில் வருவது பதற்றம். உப்புத் தண்ணீர் வாயில் போனதும் மூச்சு தடுமாறும். அதனால் ஊருக்குக் கிளம்பும் முன், உங்கள் குளத்திலேயே மல்லாந்து மிதக்கப் பழக்குங்கள். நீரோட்டம் இழுத்தால் எதிர்த்து நீந்தக் கூடாது. மிதந்தபடி கையை உயர்த்திக் கூப்பிட வேண்டும், தெம்பிருந்தால் பக்கவாட்டில் நகர வேண்டும். இதை அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள். நம் ஈ.சி.ஆர். கரைகளில் ஆண்டுதோறும் போகும் உயிர்களில் பல, எதிர்த்து நீந்திக் களைத்தவர்களுடையவை. அந்தக் கடலில் பிள்ளைகளை நீந்த விடவே வேண்டாம்.

ஜெல்லி மீன் பட்டால் தேய்க்காதீர்கள். கடல் தண்ணீராலேயே கழுவுங்கள், நல்ல தண்ணீர் வேண்டாம். மூச்சு முட்டினால் உடனே ஆஸ்பத்திரி.

பயணத்தை தீபாவளிக்குத் தள்ளிவைத்தால் இந்தப் பதில் செல்லாது. அக்டோபர் 20 வாக்கில் வடகிழக்குப் பருவமழை தொடங்கி வாடை வீச ஆரம்பித்தால் வடகடலே கொந்தளிக்கும்; அப்போது அரியமானிலும் இறங்க வேண்டாம்.