பயிர் தண்ணீர் குடிப்பது எப்படி?

சொந்தக் காணியையும் கிணற்றையும் விட்டு வந்து, குடிசையோரம் நாலு கத்தரியும் பத்து மிளகாயும் நட்டுள்ள நமக்கு ஒவ்வொரு வாளித் தண்ணீரும் பெறுமதியானது. அது பயிருக்குள் சென்று என்ன செய்கின்றது என்று அறிந்தால் வீணாக்காமல் பயன்படுத்தலாம்.

வேர்நுனிக்குச் சற்று மேலேயுள்ள நுண்ணிய வேர்மயிர்களே நீரைப் பெருமளவு உறிஞ்சுகின்றன. வேர்மயிரின் உள்ளேயுள்ள கரைசல் மண்நீரிலும் செறிவு கூடியது. ஆகவே மண்நீர் உள்ளே செல்கின்றது. இது பிரசாரணம் எனப்படும். பின்னர் காழ் எனும் நுண்குழாய்கள் வழியே நீர் மேலேறுகின்றது. இலைவாய்களினூடாக நீர் ஆவியாகும்போது கீழேயுள்ள நீர் சங்கிலிபோல் மேலே இழுபடுகின்றது.

இலையிலுள்ள பச்சையம் சூரிய ஒளியைப் பிடித்து, அச்சக்தியால் நீரைப் பிரிக்கின்றது. அதிலிருந்து பெறப்படும் ஐதரசன், காபனீரொட்சைட்டை வெல்லமாக்க உதவுகின்றது. ஒட்சிசன் வெளியேறுகின்றது. இதுவே ஒளித்தொகுப்பு.

உறிஞ்சிய நீரில் 100க்கு 1 பங்கிலும் குறைவே இதற்குச் செலவாகின்றது. 97 பங்குக்கு மேல் ஆவியாகிவிடும். அப்படியாயின் நீர் குறைய விளைச்சல் குறைவது ஏன்? நீர் போதாதபோது பயிர் தன் இலைவாய்களை மூடிக்கொள்கின்றது. காபனீரொட்சைட்டு உட்செல்லும் வாசலும் அதுவே. வாசல் மூடினால் உணவு ஆக்கமும் குறையும்.

ஆகையால் நாம் செய்யவேண்டியவை:

1. நாற்றைப் பிடுங்கும்போது வேர்மயிர்கள் அறும். முதலில் மேடையை நனைத்து, மண்ணோடு கிளப்பி, மாலையில் நடுவோம். சில நாட்களுக்கு ஓலையால் நிழல் கொடுப்போம்.

2. காலையிலோ மாலையிலோ அடியில் ஊற்றுவோம். மேல்மண் மட்டும் நனையத் தெளித்தால் அது விரைவில் காய்ந்துவிடும்; வேரும் ஆழமாக ஓடாது.

3. வைக்கோல், சருகு என்பவற்றால் அடியை மூடுவோம். மண்ணின் ஈரம் நிற்கும்.

4. உவர்நீரும் அளவுக்கு மிஞ்சிய யூரியாவும் மண்நீரின் செறிவைக் கூட்டும். அப்போது நிலம் ஈரமாக இருந்தும் பயிர் வாடும்.

5. அடியில் நீர் தேங்க விடக்கூடாது. வேருக்கும் காற்று வேண்டும்.

பிள்ளைகளுடன் செய்து பார்க்க: இலையுள்ள கொப்பொன்றைப் பொலித்தீன் பையால் மூடிக் கட்டி, சில மணி நேரம் வெயிலில் விடுங்கள். பையின் உட்புறத்தில் நீர்த்துளிகள் தெரியும். நாம் வேரில் ஊற்றிய நீர் இலை வழியாக வெளியேறுவதைக் கண்ணாலேயே காணலாம்.