சம்பளத்தோடு பட்டம்: காரங்காட்டிலிருந்து பெட்டி கட்டும் முன்

பிளஸ் டூ ரிசல்ட் வருவது மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகுக் கூலியை நம்பிய வீடுகளில் கையில் காசு புழங்காத அந்த நேரம் பார்த்துத்தான் ‘படிக்கும்போதே சம்பளம், கூடவே டிகிரி’ என்று போனில் செய்தி வந்து விழுகிறது. தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையில் இருக்கும் காரங்காட்டுக்கும் அது வந்துவிடுகிறது.

செய்தி பொய்யில்லை. பிளஸ் டூ முடித்தவர்களைப் பயிற்சிக்கு எடுத்து, வேலையும் கொடுத்து, பட்டமும் படிக்க வைக்கும் ‘டெக்பீ’ திட்டத்தை எச்.சி.எல். நிறுவனம் 2017இல் தொடங்கியது. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு அரசு நிறுவனமான தாட்கோவே பயிற்சிச் செலவை ஏற்று இதில் சேர்த்துவிட்டிருக்கிறது. ஆனால் இது கல்லூரி இல்லை. வேலைக்குப் போகிறோம், அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு படிப்பும் வருகிறது. இந்த வரிசையை மாற்றிப் புரிந்துகொண்டவர்கள்தான் பிறகு நொந்துபோகிறார்கள்.

செய்ய வேண்டியவை

● முதலில் பி.இ. செலவில்லாமல் கிடைக்குமா என்று பாருங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாம் அரசுடையது. கட்ஆஃப் நன்றாக இருந்து, வீடும் நான்கு வருடம் தாக்குப்பிடிக்கும் என்றால் நான் அந்தப் பக்கம்தான் கை காட்டுவேன். வீட்டுக்கு இப்போதே வருமானம் வேண்டும் என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

● சம்பளத்தை மாதக் கணக்காக்கிப் பாருங்கள். தாட்கோ அறிவிப்பில் பயிற்சியின்போது மாதம் 10,000 ரூபாய் உதவித்தொகை, வேலைக்குப் பின் ஆண்டுக்கு 1,70,000 முதல் 2,20,000 ரூபாய் வரை என்று சொல்லியிருந்தார்கள். ‘லட்சத்துல சம்பளம்’ என்று ஊரில் பேச்சு கிளம்பிவிடும். பன்னிரண்டால் வகுத்தால் பதினாலாயிரத்துச் சொச்சத்திலிருந்து பதினெட்டாயிரத்துச் சொச்சம் வரை. அதில் பி.எஃப். போகும். பிறகு மதுரையிலோ சென்னையிலோ அறை வாடகை, மெஸ், பஸ். முதல் வருடம் வீட்டுக்குப் பெரிதாக அனுப்ப முடியாது. இதை அப்பா அம்மாவிடம் கிளம்பும் முன்பே உடைத்துச் சொல்லிவிடுங்கள்.

● ஒப்பந்தத்தை வாங்கி உட்கார்ந்து படியுங்கள். பயிற்சிக் கட்டணம் எவ்வளவு, அதை யார் கட்டுவது, வங்கிக் கடன் என்றால் யார் பெயரில், தவணை எந்த மாதம் தொடங்கும்? பட்டப் படிப்பின் கட்டணத்தில் நிறுவனத்தின் பங்கு என்ன? எத்தனை வருடம் வேலையில் இருந்தாக வேண்டும், நடுவில் நின்றால் எவ்வளவு கட்ட வேண்டும்? இந்த மூன்றுக்கும் பதில் காகிதத்தில் இருக்க வேண்டும், வாய்ச்சொல் போதாது. இங்கிலாந்தில் 2015இல் தொடங்கிய இதே மாதிரித் திட்டத்தில் மாணவர் கல்விக் கட்டணம் கட்டுவதே கிடையாது, அரசும் நிறுவனமும் பார்த்துக்கொள்ளும். இங்கே அப்படியில்லை. திட்டத்துக்குத் திட்டம், வருடத்துக்கு வருடம் மாறும்.

● பட்டத்தின் பெயரையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் கேளுங்கள். தாட்கோ வழி போனவர்களுக்குச் சொல்லப்பட்டவை பிட்ஸ் பிலானியில் பி.எஸ்சி., சாஸ்திராவில் பி.சி.ஏ., அமிட்டியில் பி.சி.ஏ. முதலியவை. எதுவும் பி.இ. இல்லை. சாஃப்ட்வேர் வேலைக்கு இது பெரிய குறையும் இல்லை. பி.இ. கேட்கும் தேர்வுகளுக்கு மட்டும் உதவாது.

● பி.சி.ஏ.வோ பி.எஸ்சி.யோ ஏற்கெனவே கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தால், விப்ரோவின் திட்டத்தைப் பாருங்கள். வேலை பார்த்துக்கொண்டே எம்.டெக். படிக்கலாம், கட்டணம் நிறுவனத்துடையது. அதற்கு ஈடாக 60 மாத ஒப்பந்தம்.

செய்யக்கூடாதவை

● ஜோஹோவையும் இதையும் போட்டுக் குழப்பாதீர்கள். 2005இல் தொடங்கிய ஜோஹோ பள்ளியில் கட்டணம் கிடையாது, உதவித்தொகை உண்டு, நல்ல பயிற்சியும் உண்டு. ஆனால் பட்டம் தரமாட்டார்கள். பட்டம் வேண்டாம் என்று தெரிந்தே போனால் அருமையான இடம்.

● ‘வேலை பார்த்துக்கிட்டே தபால்ல பி.இ.’ என்று யாராவது சொன்னால் காசை எடுக்காதீர்கள். தொலைநிலைக் கல்வியில் பொறியியல் பட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரிலேயே சொல்லிவிட்டது.

● புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் ஆயிரம் ரூபாயையும் சேர்த்துக் கணக்குப் போடாதீர்கள். அது கல்லூரிக்கு நேரில் போய்ப் படிப்பவர்களுக்கு. தொலைநிலைப் படிப்புக்குக் கிடைக்காது.

● ஞாயிற்றுக்கிழமையை வேறு யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். காரங்காட்டில் அலையாத்திக் காட்டைப் பார்க்கக் கூட்டம் வருவது விடுமுறை நாளில்தான். படகுத்துறையில் அன்றைக்கு ஆள் வேண்டும், ‘வந்துட்டுப் போடா தம்பி’ என்று போன் வரும். உங்கள் வகுப்பும் பெரும்பாலும் சனி, ஞாயிறில்தான். ஐந்து நாள் ஷிப்ட் பார்த்த களைப்பில் ஒரு வகுப்பு விட்டுப்போகும், பிறகு ஒரு அசைன்மென்ட், பிறகு ஒரு செமஸ்டர் தேர்வு. சம்பளம் வந்துகொண்டிருப்பதால் எதுவும் குறைந்த மாதிரியே தெரியாது. குறை தெரிவது வேறு கம்பெனிக்கு விண்ணப்பிக்கும் அன்று. ‘டிகிரி முடித்த வருடம்’ என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் எழுத ஒன்றும் இருக்காது. பிளஸ் டூவோடு வெளியே போனால் அனுபவம் எத்தனை வருடம் இருந்தாலும் பல இடங்களில் முதல் வடிகட்டியிலேயே நின்றுவிடும். விடுப்பு மிச்சம் வைத்துக்கொள்ள வேண்டியது பொங்கலுக்கு அல்ல, தேர்வுக்கு.

● நைட் ஷிப்ட் என்ற ஒரே காரணத்துக்காகப் பெண்பிள்ளையை நிறுத்தாதீர்கள். கம்பெனி வண்டி வாசல் வரை வருமா, விடுதி யார் பொறுப்பு என்று நேரில் போய்க் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

● பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ அசல் மார்க்‌ஷீட்டை இடைத்தரகர் யாரிடமும் கொடுக்காதீர்கள். நேர்காணலில் அசலைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள், அசலோடு வீடு திரும்புங்கள். ‘சீட் பிடிச்சுத் தர்றேன்’ என்று பணம் கேட்பவரிடம் பேச்சே வேண்டாம். விண்ணப்பத்தை நிறுவனத்தின் இணையதளத்திலோ தாட்கோ தளத்திலோ நீங்களே போடலாம், தெரியாவிட்டால் பள்ளியில் கம்ப்யூட்டர் சார் உதவுவார்.