சின்ன மண்டபத்துக்கு எத்தனை வாட்ஸ்?

வளைகாப்பு, காதுகுத்து, முதல் பிறந்தநாள், அபார்ட்மென்ட் பொங்கல், மொட்டை மாடி ரிசப்ஷன். ஐம்பதிலிருந்து நூறு பேர் வரை கூடும் இந்த விசேஷங்களுக்கு முன்பெல்லாம் ரேடியோ செட்காரர் குட்டியானையில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வருவார். இப்போது லேப்டாப், ஒரு கன்ட்ரோலர், இரண்டு ஸ்பீக்கர் என்று ஒற்றை ஆளாக வந்து இறங்கும் டி.ஜே. இளைஞர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்கள் கடன் வாங்கியாவது முதலில் பணம் போடுவது ஸ்பீக்கரில்தான். எதை வாங்குவது என்பதைக் கடைக்காரர் சொன்னதும் தொழிலில் மூத்த அண்ணன்மார் சொன்னதும் முடிவு செய்துவிடுகின்றன. அவற்றில் தப்பானவற்றை மட்டும் இங்கே பார்ப்போம்.

நம்பிக்கை 1: வாட்ஸ் இரண்டு மடங்கானால் சத்தமும் இரண்டு மடங்காகும்.

ஆகாது. மின்திறனை இரட்டிப்பாக்கினால் ஏறுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு ‘இரண்டு மடங்கு சத்தம்’ என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் ஏற வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் தேவை. 500 வாட்ஸ் பெட்டியை விற்றுவிட்டு 1000 வாட்ஸ் வாங்கியவருக்கு, மற்றதெல்லாம் சமம் என்றால், கிடைத்தது அந்த 3 டெசிபல்தான்.

அந்த 1000 எந்த 1000 என்பதையும் கேட்க வேண்டும். யமஹாவின் டி.பி.ஆர்.12 பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1000 வாட்ஸ் என்பது அது கண நேரத்துக்குத் தொடும் உச்சம். தொடர்ந்து தரக்கூடியது 465 வாட்ஸ். அந்த நிறுவனம் இரண்டு எண்ணையும் அச்சிடுகிறது. மலிவுப் பெட்டிகள் பலவற்றில் உச்சக் கணக்கு மட்டுமே இருக்கும். பி.எம்.பி.ஓ. என்று போட்டிருந்தால் அந்த எண்ணை அப்படியே மறந்துவிடலாம். விவரத்தாளில் தேட வேண்டிய வரி ‘மேக்ஸிமம் எஸ்.பி.எல்.’. ஒரு மீட்டர் தூரத்தில் அந்தப் பெட்டி எட்டக்கூடிய உச்ச ஒலி அளவு அது.

நம்பிக்கை 2: 15 அங்குலம் இல்லாமல் டி.ஜே. இல்லை.

அதே யமஹா வரிசையில் சின்னதையும் பெரியதையும் பக்கத்தில் வைப்போம். 10 அங்குலப் பெட்டி: உச்ச ஒலி 129 டெசிபல், கீழ்ச்சுருதியில் 55 ஹெர்ட்ஸ் வரை இறங்கும், எடை 10.5 கிலோ. 15 அங்குலப் பெட்டி: 132 டெசிபல், 49 ஹெர்ட்ஸ், 19.3 கிலோ. ஐந்து அங்குலம் கூடியதில் கிடைத்தது 3 டெசிபலும் 6 ஹெர்ட்ஸும். சுமக்க வேண்டியதோ கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி ஹாலில் இந்தக் கணக்கு முதுகுக்கே புரியும்.

சரி, அந்த 10 அங்குலம் போதுமா? 129 என்பது உச்சம். பாட்டின் சராசரி அளவு உச்சத்தைவிட 10 டெசிபலாவது கீழே இருக்கும் என்று வைத்தால் 119. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டர் இரண்டாகி, நான்காகி, எட்டாகும்போது 18 போய்விடும். மிச்சம் 101. இது ஒரே பெட்டிக்கு. இரண்டு பெட்டி வைத்தால் இன்னும் 3 டெசிபல் கூடும். நான்கு சுவர் உள்ள மண்டபத்தில் எதிரொலியும் சேர்ந்துகொள்ளும்.

பொழுதுபோக்கு அரங்குகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022இல் வகுத்த வரம்பு, 15 நிமிடச் சராசரியில் 100 டெசிபல். ஆக, எட்டு மீட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டு நல்ல 10 அங்குலப் பெட்டிகள் அந்த வரம்பையே தாண்டும் தெம்பு உள்ளவை. பாட்டியும் கைக்குழந்தையும் முன்வரிசையில் இருக்கும் காதுகுத்து விழாவில் இதில் பாதித் திறன்கூடத் தேவைப்படாது.

நம்பிக்கை 3: பேஸ் வேண்டுமென்றால் மேடையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பேஸ் பாக்ஸ்.

குத்துப்பாட்டுக்கு ஆடப் போகிறார்கள் என்றால் 10 அங்குலம் தனியாக ஈடுகொடுக்காது. சப் ஊஃபர் வேண்டும்தான். ஆனால் பக்கத்துக்கு ஒன்றாகப் பிரித்து வைத்தால் சிக்கல் வரும். 60 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 5.7 மீட்டர். ஒருவர் நிற்கும் இடத்துக்கு இரண்டு பெட்டிகளிலிருந்தும் உள்ள தூரம் அதில் பாதி அளவு, அதாவது 2.9 மீட்டர் போல வேறுபட்டால், ஒன்றின் அழுத்தத்தை மற்றது கரைத்துவிடும். நடுவில் நிற்பவருக்கு நெஞ்சு அதிரும். பக்கவாட்டில் தள்ளி நிற்பவருக்கு ‘என்னப்பா, பேஸே இல்லை’ என்று தோன்றும்.

இந்த அளவு விசேஷத்துக்கு ஒரே ஒரு சப் போதும். தரையில், சுவரை ஒட்டி வையுங்கள். சுவரும் தரையும் கீழ்ச்சுருதிக்குச் செலவில்லாமல் பலம் சேர்க்கும். மூலையில் வைத்தால் இன்னும் கூடும், ஆனால் குழகுழவென்று ஆகலாம். மொட்டை மாடியில் நிலைமை வேறு. அங்கே திருப்பி அனுப்பச் சுவர் இல்லை. உள்ளே அதிர்ந்த அதே சப் வெளியே மெலிந்துவிடும். பெட்டி பழுதாகிவிட்டது என்று பதறத் தேவையில்லை.

நம்பிக்கை 4: காலம் ஸ்பீக்கர் எவ்வளவு தூரம் போனாலும் குறையாது.

மெல்லிய கம்பம், அடியில் ஒரு சப், பத்து நிமிடத்தில் பூட்டிவிடலாம், ஆட்டோவிலேயே ஏறும். போஸ் நிறுவனம் 2003இல் எல்1 வரிசையைக் கொண்டுவந்த பிறகு இந்த வடிவம் பரவியது. ஜே.பி.எல்., எலெக்ட்ரோ வாய்ஸ் போன்றவையும் செய்கின்றன. ஒற்றை ஆள் தொழிலுக்குப் பொருத்தமான சாமான் என்பதில் சந்தேகமில்லை. ‘தூரம் இரட்டித்தாலும் 3 டெசிபல்தான் குறையும்’ என்று விற்பனையில் சொல்வது மட்டும் பாதி உண்மை.

கம்பத்தின் நீளமும் ஒலியின் அதிர்வெண்ணும் சேர்ந்துதான் அந்தச் சலுகை எவ்வளவு தூரம் செல்லும் என்று தீர்மானிக்கின்றன. ஒரு மீட்டர் உயரக் கம்பத்துக்கு, 1000 ஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய ஒன்றரை மீட்டரிலேயே முடிந்துவிடும்; 4000 ஹெர்ட்ஸில் ஆறு மீட்டர் வரை நீளும். அதற்கு அப்பால் சாதாரணப் பெட்டியைப் போல 6 டெசிபல் கணக்குத்தான். அதன் உண்மையான பலம் வேறு: பக்கவாட்டில் அகலமாகப் பரப்பும், கூரைக்கும் தரைக்கும் ஒலியை வீணாக்காது. டைல்ஸ் தரையும் கான்கிரீட் கூரையுமாக எதிரொலிக்கும் மினி ஹாலில் பேச்சு தெளிவாகக் கேட்க இது உதவும்.

நம்பிக்கை 5: புளூடூத் இருக்கிறதே, கேபிள் எதற்கு?

பந்தி நடக்கும்போது இளையராஜா பாட்டு ஓட புளூடூத் தாராளமாகப் போதும். மிக்ஸ் செய்ய உதவாது. புளூடூத்தில் ஒலி 150, 200 மில்லிசெகண்ட் பிந்தி வருவது சகஜம். நிமிடத்துக்கு 120 தட்டு உள்ள பாட்டில் ஒரு தட்டுக்கு 500 மில்லிசெகண்ட். அப்படியானால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தட்டு பிந்திவிடுகிறது. ஹெட்போனில் ஒன்று, ஹாலில் ஒன்று கேட்டால் இரண்டு பாட்டை எப்படிச் சேர்ப்பது? போதாக்குறைக்கு, போனில் அழைப்பு வந்தால் ரிங்டோனும் மண்டபம் முழுக்க ஒலிக்கும்.

பேட்டரிப் பெட்டிகளையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடலாம். 11 மணி நேரம், 12 மணி நேரம் என்று போட்டிருப்பது மிதமான சத்தத்துக்கு. ஆட்டத்துக்கு ஏற்ற சத்தத்தில் அதில் ஒரு பகுதிதான் தாங்கும். ஆனாலும் கரன்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் பாட்டு நிற்காமல் ஓட இதைவிட நல்ல வழி இல்லை.

நம்பிக்கை 6: கடைசி வரிசைக்குக் கேட்கவில்லையா? வால்யூமைக் கூட்டு.

கூட்டினால் முன்வரிசை காதைப் பொத்திக்கொள்ளும்; கடைசி வரிசைக்கு எதிரொலிதான் அதிகமாகும். பேச்சைத் தெளிவாக்குவது உயர்சுருதி. அது நேர்கோட்டில் செல்லும், எதிரே நிற்கும் ஆட்கள் உறிஞ்சிக்கொள்வார்கள். பெட்டியை மேஜையிலோ நாற்காலியிலோ வைக்காமல் ஸ்டாண்டில் ஏற்றி, அதன் ஹார்ன் நிற்பவர் தலைக்கு மேல் வரும்படி வையுங்கள். மைக் வீறிட்டால் மைக்கைத் திட்ட வேண்டாம். அது ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்கிறது, அவ்வளவுதான். பெட்டியை முன்னே தள்ளி, பேசுபவரைப் பின்னே நிறுத்துங்கள்.

மிக்சரில் சிவப்பு விளக்கு எரிவதும் பலம் அல்ல. சிவப்பு எரிந்தால் அலையின் தலை வெட்டுப்படுகிறது என்று பொருள். சத்தம் கூடாது, கரகரப்புதான் கூடும், ட்வீட்டரும் சூடேறும்.

நம்பிக்கை 7: ‘ங்ங்’ என்ற இரைச்சல் வந்தால் எர்த்து பின்னை எடுத்துவிடு.

இந்தப் பட்டியலில் உயிரைப் பறிக்கக்கூடிய நம்பிக்கை இது ஒன்றுதான். இரைச்சல் நிற்பது உண்மை. ஆனால் பெட்டிக்குள் எங்காவது இன்சுலேஷன் பழுதாகி மின்சாரம் உலோகப் பாகத்துக்கு வந்தால், அது பூமிக்குப் போக இருந்த ஒரே வழியும் அடைபட்டுவிடும். அடுத்து அந்த மின்சாரம் தேடும் வழி, கேபிளோடு இணைந்த மைக்கைப் பிடித்திருக்கும் கை.

இரைச்சலுக்கு வழக்கமான காரணம், லேப்டாப்பும் பெட்டிகளும் வெவ்வேறு பிளக்கிலிருந்து கரன்ட் எடுப்பது. எல்லாவற்றையும் ஒரே எர்த்து உள்ள பிளக்கிலிருந்து ஓட்டுங்கள். லேப்டாப் சார்ஜரை ஒரு நிமிடம் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி அதுதான். நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் ஐசொலேட்டர் போட்டால் தீர்ந்தது. தொடக்க நிலைக் கன்ட்ரோலர்கள் பலவற்றில், பயனியரின் டி.டி.ஜே. எஃப்.எல்.எக்ஸ்.4 உட்பட, ஆர்.சி.ஏ. அவுட்புட் மட்டுமே உண்டு. அந்தக் கேபிளை இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் இழுக்காதீர்கள். ஒரு சின்ன மிக்சர் வைத்து, அங்கிருந்து பெட்டிவரை எக்ஸ்.எல்.ஆர். கேபிள் போடுங்கள்.

நம்பிக்கை 8: சின்ன செட்டுக்குச் சட்டம் பொருந்தாது.

ஒலி மாசு விதிகள் 2000, பெட்டியின் அளவைப் பார்ப்பதில்லை. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. குடியிருப்புப் பகுதிக்குப் பகல் வரம்பு 55 டெசிபல். சொந்த இடத்து ஒலி அமைப்பு, அந்த இடத்தின் எல்லையில் அதைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. ஒலிபெருக்கிக்கு எழுத்துமூல அனுமதியும் வேண்டும். அனுமதி வாங்குவது யார் என்பதை முன்பணம் வாங்கும்போதே பேசிவிடுங்கள்.

கடைக்குப் போகும்போது கடைக்காரர் போடும் பாட்டைக் கேட்டு மயங்காமல், நீங்கள் தினமும் போடும் பாட்டையும் ஒரு மைக்கையும் எடுத்துச் செல்லுங்கள். மைக்கில் ஒருவரைப் பேசவிட்டு, எட்டு பத்து மீட்டர் தள்ளி நின்று கேளுங்கள். ஒவ்வொரு சொல்லும் புரிந்தால் பெட்டி தேறியது. பிறகு ஒரு கையால் தூக்கிப் பாருங்கள். இரண்டு 10 அங்குலப் பெட்டி, இரண்டு ஸ்டாண்டு, ஒரு சின்ன மிக்சர், நல்ல கேபிள்: தொடங்க இவ்வளவு போதும். சப் ஊஃபரை முதல் ஆறு மாதம் வாடகைக்கு எடுங்கள். எத்தனை விசேஷத்தில் ஆட்டம் இருந்தது, எத்தனையில் வெறும் பாட்டும் வாழ்த்துரையும் என்பதை அந்த வாடகைச் சீட்டுகளே சொல்லிவிடும். வாங்குவதா வேண்டாமா என்பதை அவற்றை எண்ணிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.